தாலிக்கு முன்னால் ஒரு டெஸ்ட்

சமீபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தம்பின் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டும் வைபவம். எனக்கும் அழைப்பு. மாப்பிள்ளை எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். பெண்ணுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். பெண்ணின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது யார் தெரியுமா? அவளுடைய எட்டு வயது மகள்!

குழப்பமாக இருக்கிறதா? இருங்கள், சொல்கிறேன். மாப்பிள்ளையும் பெண்ணும் பத்து வருடமாகப் புருஷன் பெண்டாட்டிதான். பெண் ஒன்றரை வருடம் சிறையில் இருந்துவிட்டு அந்த வாரம்தான் வெளியே வந்திருந்தாள். சிறைக்குள் போகும்போது உடம்பில் பொட்டுத் தங்கம் இருக்கக் கூடாது. தோடு, மூக்குத்தி, தாலி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். வெளியே வரும்போது ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள்.

அந்தப் பையில் வந்த தாலியை அப்படியே எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது மாமியாரின் தீர்மானம். கழுத்தைவிட்டு இறங்கிய தாலி, அம்மன் காலடியில் இருந்து, புது மஞ்சள் கயிற்றில் கோத்து, புருஷன் கையால்தான் மறுபடி ஏறவேண்டுமாம். தோட்டத்தில் நாலு பேர் பார்க்க ஏறவேண்டுமாம்.

நல்ல விஷயம்தானே, சந்தோஷமாகப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதானே என்கிறீர்களா? எனக்கோ அந்தக் கோயிலில் நின்ற நேரம் முழுக்க ஒரே கவலை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

சிரம்பானில் நாங்கள் ஒரு சின்னக் குழு. மாதம் இரண்டு முறை ஒரு பெண்கள் சிறைக்குப் போய் வகுப்பு நடத்துகிறோம். எந்தச் சிறை என்று கேட்காதீர்கள். பாலியல் நோய்கள், எச்.ஐ.வி., கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்... எப்படி வருகிறது, எப்படித் தடுப்பது, எங்கே போய் டெஸ்ட் எடுப்பது. வகுப்பை நடத்துபவர் ரொஸ்னா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி. அவர் மலாயில் சொல்வார். நான் தமிழில் சொல்வேன்.

மலாய் தெரியாத தமிழ்ப் பெண் இந்த நாட்டில் ஏது? நானும் அதைத்தான் கேட்டேன். மலாயில் சொன்னால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், தமிழில் சொன்னால்தான் கேள்வி கேட்பார்கள் என்றார் மிஸ்ஸி.

சரிதான். ஆனால் தமிழில் சொல்வது லேசா? உடம்பின் சில இடங்களுக்கு நம்மிடம் இரண்டு வகை வார்த்தைகள்தான் இருக்கின்றன. ஒன்று பாடப்புத்தகத்தில் இருப்பது, யாருக்கும் புரியாது. இன்னொன்று எல்லோருக்கும் புரியும், ஆனால் சொன்னால் சண்டை வரும். முதல் வகுப்பில் எனக்கு வியர்த்து ஊற்றியது. ‘அந்த இடம்’, ‘கீழே’ என்று சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, எந்தக் கீழே அக்கா, முட்டியா என்று கேட்டாள். ஹால் மொத்தமும் சிரித்தது. வாசலில் காவலுக்கு நின்ற அதிகாரி அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கேட்டவள்தான் தேவகி. நம் கதையின் மணப்பெண்.

தேவகி என்பது நான் வைத்த பெயர். அவள் புருஷனுக்குச் சேகர் என்று வைத்திருக்கிறேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். எழுதுங்கக்கா, ஆனா என்னைய கொஞ்சம் அழகா எழுதுங்க என்றாள். அவள் அழகுதான். எந்தக் கேஸில் உள்ளே போனாள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் கேட்பதில்லை.

விருப்பம் இருப்பவர்கள் உள்ளேயே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். தேவகியும் செய்துகொண்டாள். ரிசல்ட் வந்த வாரம், வகுப்பு முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க எனக்கு உதவிக்கு வந்தாள். முகம் சரியில்லை. எனக்குப் பக்கென்றது. ரிசல்ட் என்ன என்று நாங்களாகக் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். நாலு நாற்காலி அடுக்கிய பிறகு அவளாகவே சொன்னாள்.

“எனக்கு ஒண்ணுமில்லன்னு வந்துருச்சுக்கா.”

“நல்லதுதானே லா?”

“நல்லதுதான். அதான் பயமா இருக்கு.”

விடுதலைக்கு இன்னும் மூன்று வாரம்தான். வீட்டுக்குப் போகவேண்டும். சேகர் கெட்டவர் இல்லையாம். மகளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாராம். ஆனால் இவள் உள்ளே வந்த பிறகு, சனிக்கிழமை ஆனால் கடற்கரைப் பக்கம் சி ரூசாவுக்குப் போய்விடுகிறாராம். கடல் காற்று வாங்க இல்லை. அங்கே ஒரு பெண்ணின் வீடு இருக்கிறது. பார்க்க வந்த தங்கை சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு முன்னால் வேறு ஒருத்தி இருந்தாள், இவளோடும் நிற்காது என்றும் சொன்னாளாம்.

தேவகி அழுதிருக்கிறாள். சுவரைப் பார்த்துத் திட்டியிருக்கிறாள். பிறகு ஓய்ந்துவிட்டாள். நானும் உள்ளே இருக்கிறேன், அவர் தனியாள், போகட்டும் என்று விட்டுவிட்டாளாம்.

“மன்னிச்சிட்டேன்க்கா. ஆனா மன்னிச்சா, நோய் வராம போயிடுமா?”

நான் என்ன சொல்வேன்? பாடத்தில் இருப்பதைச் சொன்னேன். அவரையும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போ. இரண்டு பேரும் எடுங்கள். ஒரு டெஸ்ட் போதாது, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும். அதுவரை ஆணுறை இல்லாமல் வேண்டாம். கடகடவென்று ஒப்பித்தேன்.

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். டெஸ்ட் எடுக்கச் சொன்னால் சேகர் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். ஜெயிலிலிருந்து வந்தவள் நீ, நீ எடு, என்னை எதற்கு எடுக்கச் சொல்கிறாய் என்பார். மாமியாரும் அதையேதான் கேட்பார். கோபித்துக்கொண்டு போக அம்மா வீடு கிடையாது. தங்கை ஒற்றை அறை பிளாட்டில் குடும்பத்தோடு இருக்கிறாள். மகளோ மாமியாரிடம். அவளுடைய தமிழ்ப்பள்ளியும் அங்கேதான். வீட்டில் முறைத்துக்கொண்டால் தேவகி தனியாகத்தான் வெளியே வரவேண்டியிருக்கும். இன்னொரு தடவை பிள்ளையை விட்டுவிட்டு இருக்க என்னால் முடியாது என்றாள்.

நோய் எப்படி வருகிறது என்று சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். படம் இருக்கிறது, மிஸ்ஸி இருக்கிறார், நான் இருக்கிறேன். புருஷனிடம் அதை எப்படிக் கேட்பது? அதற்கு எங்களிடம் பாடம் இல்லை. வெளியே இருக்கிற நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்... நானும் தூக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. இந்த வகுப்பெல்லாம் எடுக்காமலே இருந்திருக்கலாமோ? ஒன்றும் தெரியாமல் போயிருந்தால் அவள் நிம்மதியாகவாவது வீட்டுக்குப் போயிருப்பாள். சொல்லிக்கொடுத்தது நாங்கள். கேட்கப்போவது அவள். அடி விழுந்தாலும், வீடு போனாலும், பிள்ளை போனாலும் அவளுக்குத்தானே போகும்? நான் இங்கே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பத்தி எழுதிக்கொண்டிருப்பேன்.

விடுதலையான நாலாவது நாள் அவள் தங்கை போன் செய்தாள். வெள்ளிக்கிழமை கோயிலில் தாலி மாற்றிக் கட்டுகிறார்கள், தேவகி உங்களை வரச் சொன்னாள், கட்டாயம் வாங்க அக்கா என்றாள். மிஸ்ஸியிடம் கேட்டேன். போகலாம், ஆனால் எங்கே பழக்கம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது, அவர்கள் குடும்ப விஷயத்தில் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். அதை மூன்று தடவை சொன்னார். என் வாயைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆக, கோயில். பண்டாரம் கற்பூரம் காட்டிவிட்டுத் தாம்பாளத்தோடு வந்தார். தாம்பாளத்தில் பூ, வெற்றிலை, மஞ்சள் கயிற்றில் கோத்த தாலி. சேகர் வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக நின்றார். உயரமான, சாதுவான மனிதர். வந்தவர்கள் எல்லோரையும் பசியாறிவிட்டீர்களா என்று கேட்டார், என்னையும் கேட்டார். இவரைப் பற்றியா நான் இத்தனை நாள் மனசுக்குள் கரித்துக் கொட்டினேன் என்றிருந்தது. மாமியார் சிவப்புச் சேலையில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். இது புதுக் கல்யாணம் மாதிரிதான், பழசெல்லாம் இன்றோடு கழிந்தது என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாலி ஏறிவிட்டால் அவள் இனி கேட்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். தாலி ஏறும்வரை தனித்தனிப் படுக்கைதான், இன்றைக்கு வீட்டில் அறையைத் தயார் செய்துவிட்டார்களாம், தங்கை என் காதில் சொன்னாள். கேட்கவேண்டும் என்றும் இருந்தது. ஐயோ, கேட்டுவிடக் கூடாதே என்றும் இருந்தது.

சேகர் தாலியைக் கையில் எடுத்தார்.

தேவகி தலையைக் குனியவில்லை. மகளின் கையை விட்டுவிட்டு, புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

“கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். மலாய்க்காரங்க நிக்காவுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ரத்த டெஸ்ட் எடுக்கிறாங்கதானே? அத்தையே இது புதுக் கல்யாணம் மாதிரின்னு சொல்றாங்க. நாமளும் எடுத்துட்டு வந்துருவோம். நான் உள்ள எடுத்துட்டேன், ஒண்ணுமில்ல. இருந்தாலும் உங்ககூட வந்து இன்னொரு தடவ எடுக்கிறேன்.”

சத்தியமாகச் சொல்கிறேன், இது எங்கள் பாடத்தில் இல்லை. மலாய்க்காரர்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அந்தப் பரிசோதனை கட்டாயம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர்களில் யாரும் அதைச் சந்தேகம் என்று நினைப்பதில்லை, கல்யாண வேலைகளில் அதுவும் ஒன்று. அதை இப்படிக் கொண்டுவந்து அம்மன் சந்நிதியில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சேகரின் காதுமடல் சிவந்துவிட்டது.

“எம்மேல சந்தேகமா?”

“இல்ல. பயமா இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னாள். சி ரூசா என்ற பெயரை எடுக்கவே இல்லை. அவள் எடுக்கவில்லை என்பது அவருக்கும் புரிந்திருக்கவேண்டும். சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். கோயிலில் நின்று பேசுகிற பேச்சா இது, அங்கே போய் என்னத்தைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள் பார் என்றார். பிறகு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். தோட்டத்து ஆட்கள் எல்லோரையும் அவருக்குத் தெரியும். தெரியாத முகம் ஒன்றே ஒன்று. நேராக என்னிடம் வந்து நின்றார்.

“நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?”

ஆமாம் என்றால் தேவகிக்கு ஆபத்து. இல்லை என்றால் பொய், அதுவும் அம்மன் முன்னால். மிஸ்ஸி மூன்று தடவை சொன்ன எச்சரிக்கையும் காதில் கேட்டது. வாசகர்களே, நாற்பது வருடம் வாயால் பிழைத்தவள் நான். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? “சாப்பாட்டுக்கு இலை போடட்டுமாம்மா?”

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். இது ஒரு அரைக்கிறுக்கு என்று முடிவு செய்திருக்கவேண்டும். தலையில் அடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அதற்குள் சேகர் தாலியைக் கயிற்றோடு சுருட்டித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை. வெளியே போய் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். தோட்டத்துப் பாதை பெரிய சாலையைத் தொடும் இடத்தில் இடது பக்கம் போனால் தம்பின். வலது பக்கம் போனால் கடற்கரைக்குப் போகிற வழி. கோயிலில் இருந்த அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சத்தம் வலது பக்கம்தான் போனது.

தேவகி மகளின் கையை மறுபடி பிடித்துக்கொண்டாள். அழவில்லை. வெறுங்கழுத்தோடு, பந்தியில் எல்லோருக்கும் புளிச்சோறு பரிமாறினாள். என் இலையில் ஒரு கரண்டி கூடவே வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகான நாட்களை எப்படிச் சொல்வேன்? போன் சிணுங்கினால் தூக்கிவாரிப் போட்டது. நானாக அழைக்கவும் பயம். போன் மாமியார் கையில் இருந்தால்? தங்கையிடமிருந்து மட்டும் ஒரே ஒரு செய்தி வந்தது. தேவகி வீட்டில்தான் இருக்கிறாள், மகளோடு படுத்துக்கொள்கிறாள், மாமியார் பேசுவதில்லை, சேகர் வீட்டுக்கு வரவில்லை.

மனசு தாங்காமல், பெயர் சொல்லாமல் என் வீட்டுக்காரரிடம் கதையைச் சொன்னேன். பாவம்தான் அந்தப் பெண் என்றார். பிறகு பேப்பரைப் புரட்டிக்கொண்டே, நல்லவேளை, நமக்கெல்லாம் அந்தப் பிரச்சனை இல்லை என்றார். ஆமாம் என்றுதான் நானும் சொன்னேன். அப்புறம் வெகுநேரம் யோசித்தேன். எதை வைத்து இல்லை என்கிறோம்? சிறைக்குப் போய்வந்தவளிடம் டெஸ்ட் ரிசல்ட் இருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது? முப்பது வருட நம்பிக்கை இருக்கிறது. அதை எந்த லேபிலும் கொடுத்துப் பார்த்ததில்லை.

புதன்கிழமை மறுபடி சிறையில் வகுப்பு. உள்ளே நுழைந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். தேவகி என்ன ஆனாள், கேட்டாளா, அவர் என்ன சொன்னார்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஐஷா என்கிற மலாய்க்கார அம்மாதான் சொன்னார். தேவகியின் அறையிலேயே இருந்தவர். நிக்கா டெஸ்ட் யோசனையே அவருடையதுதானாம். அந்த மூன்று வாரமும் அறையில் ஒத்திகை நடந்திருக்கிறது. ஐஷாதான் சேகராக நடிப்பார். இன்னொருத்தி மாமியார். ‘சந்தேகமா’ என்று ஐஷா கண்ணை உருட்டிக் கேட்பாராம். முதல் வாரம் தேவகி ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டிருக்கிறாள், சி ரூசாவை இழுத்திருக்கிறாள். அப்படிச் சொன்னால் ஆம்பிளைக்கு ரோஷம்தான் வரும், வேறு சொல்லு என்று மற்றவர்கள் திருத்தித் திருத்தி, கடைசியில் ‘பயமா இருக்கு’ என்பதில் வந்து நின்றிருக்கிறார்கள்.

நான் அசந்துபோனேன். அப்புறம் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. அந்த ஹாலில் இருந்த எத்தனையோ பேருக்கு அடுத்தடுத்து விடுதலை. எல்லோரும் ஏதோ ஒரு வீட்டுக்குத்தான் போகவேண்டும். தேவகிக்கு வீடு போனால் இவர்களில் ஒருத்தியாவது வாயைத் திறப்பாளா? அவள் விஷயத்தை நான் சொல்லக் கூடாது, அவளேதான் சொல்லவேண்டும் என்றேன். முகங்கள் தொங்கிப் போயின. என் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்திருக்கும். எனக்கு நடிக்க வராது.

மறுநாள் காலையில், பேருந்து நிலையத்துக்கு எதிரே மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். போன். தேவகியே பேசினாள். பின்னால் சத்தமாக எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்த மீனைக் கடைக்காரரிடமே திரும்பக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போனேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். கிளினிக்கில் என்றாள்.

முந்தைய நாள் சாயங்காலம் சேகர் வீட்டுக்கு வந்தாராம். வாசலிலேயே நின்றுகொண்டு, நாளைக்கு லீவு போட்டிருக்கேன் என்று மட்டும் சொன்னாராம். எதற்கு என்று இவளும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மாமியார் தட்டில் சோறு போட்டு வைத்தாராம். காலையில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் கிளம்பியிருக்கிறார்கள். ஊசியைப் பார்த்ததும் சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

“கவுண்டர்ல இருந்த பொண்ணு எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு, கல்யாணம் எப்போன்னு கேட்டுச்சுக்கா.”

“நீ என்ன சொன்னே?”

“நான் எங்கக்கா சொன்னேன்? அவருதான் சொன்னாரு, ரிசல்ட் வந்ததும்னு.”

சில ரிசல்ட் அன்றைக்கே தெரிந்துவிடும். சிலது லேபுக்குப் போய்வர நாளாகும். வந்தாலும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை, அது உங்கள் இரண்டு பேருடைய விஷயம் என்று பெரிய மனுஷியாக அவளிடம் சொல்லிவிட்டேன்.

தாலி இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நான் இன்னும் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.